காட்டாமோ

கொல்கத்தாவின் டாக்குரியா பகுதியில், வாடகை வீட்டின் கார் ஷெட்டில், தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது ஓர் இரும்புச் சட்டம். நவநீத் பாகம் பாகமாக வாங்கித் தானே பொருத்திவரும் காருடையது. துருப் பிடிக்காமல் இருக்க அதற்கு எதைப் பூசுவது என்று ஒரே குழப்பம் அவனுக்கு.

"உள்ளே என்னப்பா?" வீட்டுக்காரர் கோஷ் வங்க மொழியில் கேட்டார். நவநீத்துக்கு அவர் 'காக்கு', அதாவது சித்தப்பா.

சேஸிஸுக்கு வங்க மொழியில் என்ன? நவநீத் ஃபோனில் தேடினான். "காட்டாமோ, காக்கு. நானே செய்றேன்."

காக்குவின் முகம் மலர்ந்தது. "நீயேவா?"

"ஆமா. பவுடர் கோட்டிங் உறுதி. ஆனா ஒரு இடத்துல பெயர்ந்தா அடியில துரு ஓடும். பெயின்ட்னா நாமளே திரும்ப அடிச்சுக்கலாம்."

"எதுக்கு வீணா? எப்படியும் தண்ணிக்குள்ள போறதுதானே."

மழைக்காலத் தெருவைச் சொல்கிறார் என்று நினைத்தான். "அதனாலதான் பூசணும் காக்கு."

"மா எங்கே உட்காருவாங்க?"

அடுத்த மாதம் அம்மா வருவது இவருக்கு எப்படித் தெரியும்? "முன்னாடி, என் பக்கத்துல."

காக்கு அவனை ஒரு மாதிரி பார்த்தார். "சரி, சிங்கம்?"

மாடிப்படியில் வந்துகொண்டிருந்த இந்துஜா சிரிப்பு தாங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனைவி.

"காட்டாமோன்னா இங்கே துர்கை சிலைக்கு உள்ளே வைக்கிற கூடு, நவநீத். பூஜை முடிஞ்சதும் சிலையைத் தண்ணியில கரைச்சுடுவாங்க. அவர் கேட்டது துர்கை மாவை; சிங்கம் அவங்க வாகனம்."

பிறகு காக்குவுக்கும் காரைப் பற்றியும், அதில் உட்காரப்போகும் மாமியாரைப் பற்றியும் விளக்கினாள். அவர் தார்ப்பாயை இழுத்து நன்றாக மூடினார்.

"அப்போ உறுதியானதாவே பூசு. உன்னோட மா தண்ணியில இறங்கக் கூடாது."