அரகாட்ஸ் அடிவாரத்தில் பேர் வாசிப்பு

இடது கால் தொடை வரை பனிக்குள் இறங்கிவிட்டது. அடியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே பாதம் மாட்டிக்கொண்டது. இழுத்தால் முட்டியில் உயிர் போகிறது.

பரவாயில்லை. உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அரகாட்ஸ். ஆர்மீனியாவிலேயே உயரமான மலை. மே மாதக் கடைசியிலும் இடுப்பளவு பனி. தனி ஆளாக ஏறினேன். மேலே நின்று சிலுவை போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு செல்ஃபிகூட எடுக்கவில்லை. அதெல்லாம் கீழே இருப்பவர்கள் வேலை.

அவர்கள் இங்கிருந்தே தெரிகிறார்கள். இன்னும் ஒரு மணி நேர இறக்கம்தான் பாக்கி. ஏரிக்கரையில் வெள்ளை பஸ், அதைச் சுற்றி ஆட்டம்.

அஜ்மானிலிருந்து ஈத் லீவுக்குக் கிளம்பிய கூட்டம். நாலு நாள் பேக்கேஜ். என்னையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர். சேர்த்துச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மலை ஏறத் தொடங்கும் இந்த ஏரி பேக்கேஜில் இருந்ததால்தான் பணம் கட்டினேன்.

மூன்று மாதமாக லீவு நாள்தோறும் ராஸ் அல் கைமா மலைகளில் தனியாக ஏறிப் பழகினேன். இவர்கள் அந்த நேரத்தில் பிரியாணி தின்றுவிட்டுத் தூங்கினார்கள்.

இரண்டு பிரஷர் குக்கரோடு விமானம் ஏறியவர்கள் இவர்கள். பனியைப் பார்த்ததும் முதல் வேலையாக ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு போட்டார்கள். உமாராணி என்கிற அம்மாள் மலையை அண்ணாந்து பார்த்து, இது புர்ஜ் கலீஃபாவை விட உயரமா என்று டிரைவரிடம் கேட்டாள். டிரைவருக்குத் தமிழ் தெரியாதது அவன் செய்த புண்ணியம்.

இவர்களுக்குத் தலைவர் கௌரிசங்கர். எங்கள் கம்பெனியின் டைம்கீப்பர். பன்னிரண்டு வருஷமாக விடிவதற்கு முன்னால் தொழிலாளர் கேம்ப் பஸ் வாசலில் நின்று பேர் வாசித்தே வயிறு வளர்த்தவர். டூரிலும் அதை விடவில்லை. கழுத்தில் விசில், கையில் பட்டியல். தேவாலயம் பார்க்க இறங்கினால் பேர் வாசிப்பு. ஒன்றுக்குப் போக நிறுத்தினால் பேர் வாசிப்பு. குரல் வந்தால் ஒரு டிக். பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டார். கல்யாணத்தன்றாவது பெண்ணின் முகத்தைப் பார்த்தாரோ, பேரை மட்டும் வாசித்தாரோ.

இன்றைக்கு அந்த மனிதரும் ஒரு உபயோகத்துக்கு ஆவார்.

ஐந்து மணிக்கு பஸ். கிளிட்டஸ் என்று என் பேரை வாசிப்பார். பதில் வராது. அப்புறம் பார்க்க வேண்டும் வேடிக்கையை. முப்பத்தொரு பேரும் பஸ்ஸிலிருந்து கொட்டுவார்கள். விசில் பறக்கும். ஆள் வரும், கயிறு வரும். நான் இங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும்.

போனில் மூன்று சதவீதம் சார்ஜ் இருக்கிறது. சிக்னல் ஒரு கோடு. கூப்பிடலாம்.

கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால், தான் இல்லையென்றால் கிளிட்டஸ் அங்கேயே காலி என்று ரிட்டயர் ஆகும் வரை கௌரிசங்கர் பஸ் வாசலில் சொல்லிக் காட்டுவார். அவராகத் தேடி வந்தால் அது அவர் வேலை. நானாகக் கூப்பிட்டால் அது கெஞ்சல்.

காலில் வலி குறைந்துவிட்டது. அது நல்லதில்லை என்று எனக்கும் தெரியும். வெயில் எதிர்ச் சரிவுக்குப் போய்விட்டது, பல் கிட்டுகிறது. பயமாகத்தான் இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு அது தெரிய வேண்டியதில்லை.

காலையில் பாண்டித்துரை பின்னாலேயே ஓடி வந்தான். கமுதிக்காரன். கேம்ப்பில் ஐந்து வருஷம் எனக்குக் கீழ்க்கட்டில், இப்போது அஜ்மான் ரூமில் பக்கத்துக் கட்டில். பனிமலைக்கு சைட்டில் போடும் சேஃப்டி ஷூவோடு வந்திருக்கிற ஜென்மம்.

"அண்ணே, தனியாவா போறீக? நானும் வாரேன்."

பாதியில் இவன் மூச்சு வாங்கி விழுந்தால் நான் சுமக்கவா? ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினேன். சிரித்துக்கொண்டே போனான். என்ன சொன்னாலும் சிரிப்பான், சொன்னதை அப்படியே நம்புவான். ரோஷம் என்பதே கிடையாது.

விசில்.

இவ்வளவு தூரத்துக்குக் கேட்கிறது. ஆட்டம் நின்று, எல்லோரும் பஸ்ஸுக்குள் ஏறுகிறார்கள். குக்கர்களும் ஏறுகின்றன. கதவு மூடுகிறது.

வாசிக்க ஆரம்பித்திருப்பார். பட்டியலில் என் பேர் பதினேழாவது. மனதுக்குள் எண்ணுகிறேன். பதினைந்து. பதினாறு. பதினேழு.

கதவு திறக்கவில்லை.

இருபது வரை எண்ணினேன். முப்பத்திரண்டு வரை எண்ணினேன். கதவு திறக்கவே இல்லை.

பஸ் நகர்கிறது. கரையோரமாக மெல்லத் திரும்புகிறது. என் பக்கம் வரத்தான் திருப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். இந்தச் சரிவில் பஸ் எப்படி ஏறும் என்றுகூடத் தோன்றவில்லை.

போன் அதிர்கிறது. பாண்டித்துரையின் வாய்ஸ் மெசேஜ். பின்னால் குத்துப்பாட்டு.

"அண்ணே, ஒங்க பேர வாசிச்சாரு. கேம்ப்ல நீங்க தூங்கிப் போனா குடுப்பேன்ல, அதே மாதிரி நானே கொரல் குடுத்துட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது. இந்த மாட்டுக் கூட்டத்தோட ஒரே பஸ்ல வர்றதுக்கு நடந்தே போயிருவேன்னு காலைல சொன்னீகள்ல... நீங்க நிதானமாவே வாங்கண்ணே. ஓட்டல் ரூம்ல சோறு எடுத்து வைக்கிறேன்."

திருப்பிக் கூப்பிட விரலை வைக்கிறேன். திரை கறுத்துவிடுகிறது.

பஸ் முதல் வளைவுக்குப் போய்விட்டது. தொண்டை கிழியக் கத்துகிறேன். வாயில் வருகிற பேர் கௌரிசங்கர். சார் என்றும் சேர்த்துக்கொள்கிறேன்.