எல்லாப் பாடமும் வாங்கியவர்

"புஸ்தகத்தையெல்லாம் நெஞ்சுக்கு நேராப் புடிச்சுக்குங்க. ஆமாங்க, அப்படித்தான். கொஞ்சம் சிரிங்க வேலன் சார்" என்றான் பாலகோபால், கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு.

வேலன் சிரிக்கவில்லை. திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"உங்களத்தாங்க" என்றான் பாலகோபால். வேலன் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார்.

கோயமுத்தூர் கணபதியில் ஒரு மாடி அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர். பாலகோபாலின் கம்பெனி அவ்வளவுதான். இன்டர்நெட்டில் சம்பாதிப்பது எப்படி என்று பாடம் பாடமாகப் புத்தகம் போட்டு, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, வி.பி.பி.யில் அனுப்புவான். தபால்காரரிடம் பணம் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும். 1999இல் ஊரெல்லாம் இன்டர்நெட் பேச்சாகத்தான் இருந்தது. ஆனால் பணம் கட்டுகிற நேரத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். போன பார்சல் போனபடியே திரும்பி வந்தது.

படித்துப் பலன் கண்டவர் என்று ஒரே ஒரு ஆளின் படத்தை விளம்பரத்தில் போட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கடையைச் சாத்திவிட்டு மாமனாரின் பட்டறைக்குப் போக வேண்டும்.

முதல் பாடத்திலிருந்து ஒன்றைக்கூடத் திருப்பாமல் வாங்கியவர் ஒரே ஒருத்தர்தான். அந்த வேலனைத் தேடித்தான் பவானி தாண்டி, மஞ்சள் காட்டை ஒட்டியிருந்த இந்தத் தெருவுக்கு வந்திருந்தான்.

மெத்தை வீடாக இருக்கும் என்று நினைத்து வந்தான். ஒற்றை அறை ஓட்டு வீடு. அவனைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு வேலன் நின்றுகொண்டே இருந்தார். "எங்கூட்டுல தண்ணி குடிப்பீங்களாங்க?" என்று அவர் மனைவி பாவாத்தாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவன் சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

படம் எடுத்து முடித்ததும் பாலகோபால் மறுபடி கட்டிலில் உட்கார்ந்து கேட்டான். "எந்தப் பாடமுங்க ரொம்பப் பிரயோசனமா இருந்துச்சு?"

"எல்லாமே நல்லா இருந்துச்சுங்க." வேலனின் குரலில் சந்தோஷமும் இல்லை, சலிப்பும் இல்லை.

பாலகோபால் புத்தகங்களைப் புரட்டினான். அச்சு வாசனைகூடப் போகாமல் தாள்கள் மொரமொரவென்று இருந்தன. கூடவே அடுக்கி வைத்திருந்த, அவை வந்த தபால் கவர்கள்தான் கை பட்டுக் கை பட்டு ஓரம் கறுத்துக் கிடந்தன.

"கம்ப்யூட்டருக்கு எங்க போவீங்க? ஈரோட்டுக்குங்களா?"

"அதையெல்லாம் நாங்க எங்கீங்க கண்டோம்."

"அப்ப, இதுல இன்னும் ஒண்ணும் சம்பாதிக்கலீங்களா?"

"இல்லீங்க."

வாசலில் மொபெட் ஒன்று வந்து நின்றது. வேலன் வேலை பார்க்கிற தோட்டத்துக்காரரின் மகன் சரவணன். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது.

"டேய் வேலா, மடை மாத்தாம இங்க என்றா போட்டோ புடிச்சுட்டு நிக்கற?"

"இதா வாரேனுங்க சாமி." வேலன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மொபெட் போய்விட்டது. யார் முகத்திலும் ஒன்றும் இல்லை, தினமும் நடப்பதுதான்.

பாலகோபால் கேமராவைப் பைக்குள் வைத்தான். மாமனாரின் பட்டறைச் சத்தம் இப்போதே காதில் கேட்டது. அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

"கூலி வேலைக்குப் போயிட்டு, ஒரு பிரயோசனமும் இல்லாம எதுக்குங்க இத்தனையும் வாங்குனீங்க? வித்த எனக்கே சங்கடமா இருக்குதுங்க."

பாவாத்தாள்தான் பதில் சொன்னாள். "மொதப் பாடத்துக்கு எம்பட பையன் எழிலுதானுங்க அவங்கப்பன் பேருல எழுதிப் போட்டான். அப்பறம் அவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். புஸ்தகத்துக் கடைசியில இருக்கற கார்டக் கிழிச்சு, அடுத்ததுக்கு தபால்காரரே எழுதிப் போட்டாருங்க. ஒவ்வொண்ணுக்கும் நாலஞ்சு நாள் கூலி போயிருதுங்க. நாஞ் சொன்னா இவரு எங்க கேக்கறாரு?"

வேலன் உள்ளே போனார். கடைசியாக வந்த பார்சலை எடுத்துவந்து, இரண்டு கையாலும் நீட்டினார். அது இன்னும் பிரிக்காமல் இருந்தது.

"முந்தி இருந்த தபால்காரரு படிச்சுக் காட்டித்தான் குடுப்பாருங்க. அவரு மாத்தலாகிப் போயிட்டாரு. புது ஆளு காச வாங்கிட்டு, பேசாம குடுத்துட்டுப் போயிட்டாருங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. இத மட்டும் நீங்க ஒருக்கா படிச்சுக் காட்டிப் போடுங்க."

பாவம், பாடத்தையாவது தெரிந்துகொள்ளட்டும் என்று பாலகோபால் ஓரத்தைக் கிழிக்கப் போனான். வேலன் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"பிரிக்க வேண்டாமுங்க. மேல இருக்கறதே போதும். கொஞ்சம் சத்தமாப் படிங்க, தெருவுக்குக் கேக்கட்டும்."

பாலகோபால் பார்சலைத் திருப்பினான். ஊர்ப்பட்ட பேருக்கு ஒரே மாதிரி கம்ப்யூட்டர் அடித்துத் தள்ளுகிற லேபிள் அது. இத்தனை நாளில் அவன் அதை ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. எழுந்து, வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து நின்று படித்தான்.

"உயர்திரு வேலன் அவர்கள்."