பாடத்துக்கு ஒரு புத்தகம்

“நீ படிக்கிறதெண்டால் இதில எதை எடுப்பாய்?” என்று கேட்டாள் சிவலட்சுமி.

பெற்றிசியாவுக்குச் சுரீர் என்றது. வேண்டுமென்றே குத்துகிறாளா?

மன்னார் மாவட்டத்துக்கு அந்த வருடம் கிடைத்த பல்கலைக்கழக மருத்துவப் படிப்பு இடங்களில் கடைசி இடம் சிவலட்சுமிக்கு. பட்டியலில் அதற்கு அடுத்த பெயர் பெற்றிசியா. ஒரே வகுப்பு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே வாங்கு. இரண்டு புள்ளிகள்தான் வித்தியாசம்.

பள்ளிமுனைக் கன்னியர் மடத்து மண்டபத்தில் புத்தகங்கள் பரவிக் கிடந்தன. கனடாவுக்குப் போய்விட்ட டொக்டர் ஒருவர் விட்டுச் சென்றவை. கம்பஸுக்குப் போகிற பிள்ளை பாடத்துக்கு ஒன்று எடுக்கலாம், மிச்சமெல்லாம் வவுனியாவில் நேர்ஸ்மார் படிக்கிற இடத்துக்கு என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். வாசலில் லொறி காத்து நின்றது.

“பிள்ளையள், கெதியா! ஆமிக்காரன் ரோட்டை மூடினானெண்டால் நானும் புத்தகமும் நடுத்தெருவிலதான் படுக்கோணும்” என்று குரல் கொடுத்தார் லொறிக்காரர்.

“பொறுங்கோ தாவூது நானா!” என்ற சிவலட்சுமி, பெற்றிசியாவின் பக்கம் திரும்பினாள். “எனக்கு இங்கிலீசும் ஓடாது. அதுக்குத்தானே உன்னைக் கூட்டி வந்தனான். நீயே தெரிஞ்செடுத்துத் தா.”

அவளுடைய காதுகள் வெறுமையாக இருந்தன. பழைய தோட்டை அழித்துப் புதிது செய்யக் கொடுத்திருப்பாள், கம்பஸுக்குப் போட்டுக்கொண்டு போக! பெற்றிசியா பல்லைக் கடித்துக்கொண்டு உடற்கூறியல் புத்தகம் ஒன்றை விரித்தாள். விரித்ததும் எல்லாம் மறந்து போயிற்று.

“இஞ்ச பாரடி! ஒரு கையால மற்றக் கையை, முழங்கைக்குக் கீழ பிடி. இப்ப விரலை மடக்கு. என்ன அசையுது?”

“ஐயோ, உள்ளுக்க ஏதோ இழுக்குது!”

“அதுதான் தசை. விரலை இறுக்கி மடக்கிற தசை விரலில இல்லை, இங்கதான் இருக்கு. இதில இருந்து கயிறு மாதிரி நாண் ஓடிப்போய் விரலை இழுக்குது. தசை முழுக்க விரலிலயே இருந்தால் விரல் வாழைப்பழம் மாதிரித் தடிச்சிருக்கும். ஊசியில நூல் கோர்ப்பியோ?”

சிவலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். “நீ சொன்னால் எலும்புக்கும் விளங்குமடி!”

அந்தச் சிரிப்பை வெள்ளைக் கோட்டுடன் கற்பனை செய்து பார்த்தாள் பெற்றிசியா. வயிறு எரிந்தது. புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

“இது சும்மா படம் பாக்கிற ஆக்களுக்கு. இதைப் படிச்சால் சோதினையில சைபர்தான். இந்தா, இதை எடு.”

அவள் நீட்டியதில் பொடி எழுத்தில் வரிசை வரிசையாகப் பெயர்கள் மட்டும் இருந்தன. எது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரி இல்லை.

அடுத்தது உடற்றொழிலியல். காலுக்கு இறங்கிய இரத்தம் எப்படி மேலே ஏறுகிறது, வழியில் உள்ள சின்னக் கதவுகள் அதை எப்படித் திரும்பி விழவிடாமல் தடுக்கின்றன என்று கதைபோல விளக்கிய புத்தகம் ஒன்று அகப்பட்டது. நின்றபடியே இரண்டு பக்கம் படித்தாள். கீழே வைக்க மனம் வரவில்லை. வைத்தாள். லொறிக்குப் போகிற குவியலில் வைத்தாள்.

“இதைவிட இது நல்லது” என்று வறண்ட நடையில் எழுதிய இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள்.

“அப்ப பயோகெமிஸ்ற்றிக்கு?”

“இந்தத் தடிச்சது. எல்லாம் இருக்கும்.” அதில் ஒரு பக்கம்கூடப் பெற்றிசியாவுக்கே விளங்கவில்லை.

சிவலட்சுமி மூன்றையும் தடவிப் பார்த்தாள். “உண்மையாச் சொல்லு. நீயெண்டாலும் இதுகளைத்தான் எடுப்பியோ?”

“மடு மாதாவாணை!”

தாவூது மிச்சப் புத்தகங்களை அள்ளி ஏற்றினார். லொறி புழுதி கிளப்பிக்கொண்டு பாலத்துப் பக்கம் போய் மறைந்தது. பெற்றிசியாவுக்கு அன்றைக்குத்தான் மனசு கொஞ்சம் ஆறியது.

சிவலட்சுமி மூன்று புத்தகங்களையும் நூலால் இறுக்கிக் கட்டினாள். பெற்றிசியாவின் இரண்டு கைகளையும் பிடித்து அவற்றின் மேல் அந்தப் புத்தகக் கட்டை வைத்தாள்.

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. இருட்டினாப் பிறகு வள்ளம் ஏறுறம், ராமேஸ்வரத்துக்கு. தோட்டை வித்துத்தான் வள்ளக்காரனுக்குக் குடுத்தது. கம்பஸுக்கு வரேல்லை எண்டு அறிவிச்சிட்டன், அடுத்த பேர் உன்ரதானே... எல்லாம் நீயே தெரிஞ்சு எடுத்த புத்தகங்கள், வடிவாப் படியடி!”