ரெண்டு வரிசையும் பச்சை

"அவனவன் செடிக்குத் தண்ணி ஊத்திச் சம்பளம் வாங்கறான். என் தங்கச்சி, ஊத்தாம இருக்கிறதுக்குச் சம்பளம் வாங்கறா!"

டயர் கடை அண்ணன் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் விட மாட்டான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

தங்கைக்குச் சுருக்கென்று தைக்கும். வயது நாற்பதைத் தொடப் போகிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னும் தற்காலிக வேலைதான்.

"விதைக் கம்பெனிக்காரன் வெத்தலை பாக்கு வைக்காத குறையாக் கூப்பிடறானே, போயேன்!"

"மாசக் கடைசியில சொல்றேண்ணா. என் செடி நின்னா நானும் நிப்பேன். அது வாடிட்டா கம்பெனிக்குப் போயிடறேன்."

கண்ணாடிக் கூடத்தில் இரண்டு வரிசைத் தொட்டிகள். ஒரு வரிசை, தாகம் தாங்கும் என்று அவள் வருஷக்கணக்காகப் பாடுபட்டு உருவாக்கிய செடி. இன்னொன்று சாதாரணச் செடி. இரண்டுக்குமே சொட்டுத் தண்ணீர் கிடையாது. சாதாரணச் செடி வாடி, அவளுடையது நின்றால்தான் வெற்றி.

அண்ணன் சாயங்காலம் ஸ்கூட்டரில் கூட்டிப்போக வருவான். அவள் பக்கத்து அறையில் வேலையை முடிக்கும்வரை, கண்ணாடிக் கூடத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவான்.

மாசக் கடைசியும் வந்தது. அவள் வரிசை பச்சைப் பசேலென்று நின்றது.

சாதாரண வரிசையும்!

அதன் மண்ணில் விரலை விட்டாள். ஈரம்.

விஷயத்தைக் கேட்ட துறைத்தலைவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த வரிசையைத் தூக்கிக் குப்பையில போடும்மா. உன்னோடதை மட்டும் காட்டு. நிரந்தர வேலை உனக்குத்தான்."

"என் விரலுக்குத் தெரிஞ்சு போச்சே சார்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஸ்கூட்டரில் ஏறியதும் அண்ணனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"எல்லாம் போச்சுண்ணா. எந்தப் படுபாவியோ தண்ணி ஊத்திட்டான். நீ சொன்ன மாதிரி கம்பெனிக்கே போறேன்."

வண்டி நடுவழியில் நின்றது. அண்ணன் திரும்பவில்லை.

"அந்தப் படுபாவி நான்தாம்மா."

"நீயா? நீதானே போ போன்னு கரிச்சுக் கொட்டினே?"

"வாய் ஆயிரம் சொல்லும். பஞ்சர் ஒட்ட வர்றவன்கிட்டயெல்லாம் என் தங்கச்சி விஞ்ஞானின்னு சொல்லி வச்சிருக்கேனே! செடி வாடினா நீ போயிடுவேன்னியா, மனசு கேக்கலை. என் பாட்டில்ல இருந்ததை ஊத்திட்டேன்."

"என் வரிசைக்கு மட்டும் ஊத்தியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காதே?"

"அதெப்படி? பக்கத்துல நிக்கறதும் உசுருதானே. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வைக்கச் சொல்றியா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தற்காலிக வேலையின் ஒப்பந்தம் முடிவதற்குள், இன்னொரு தடவை மட்டும் விதைத்துப் பார்க்கக் காலம் இருந்தது.

"வண்டியைத் திருப்புண்ணா. புதுசா விதை போடணும்."

"கம்பெனி?"

"அவன் கிடக்கறான். ஆனா இனிமே நீ பாட்டிலை வெளியில வச்சுட்டுத்தான் உள்ளே வரணும்."

வண்டி திரும்பியது. தெருவில் குறுக்கே யாருமே இல்லை. ஆனாலும் அண்ணன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

"ஓரம் போங்கப்பா! விஞ்ஞானி வர்றாங்க!"