ஆறுக்கு அடுத்து எட்டு

டெல்லி நேரு ப்ளேஸில், ஏழாம் மாடி அலுவலகத்தில், ஷ்ரேயா எழுதும் கணினி நிரல் உதாரணங்களைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். கூட வேலை பார்க்கும் இளஞ்செழியனுக்கு வயிறு எரிந்தது. அந்த உதாரணங்கள் வரும் பயிற்சிப் புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்கும் முன், அவளுடைய நிரலில் ஏழாம் வரியை அழித்தான். வரி எண்களை மென்பொருளே போடும்; எட்டாவது வரி தானாக ஏழாகிவிடும். யாருக்கும் தெரியாது.

பிடிஎஃப்பில் ஆறுக்கு அடுத்து எட்டு இருந்தது. மறுபடி பிடிஎஃப் ஆக்கினான். அப்போதும் எட்டுதான். 'ஏழாம் வரியைப் பார்க்க' என்ற குறிப்பு மட்டும் கீழே அப்படியே நின்றது.

கீழே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினான். லிஃப்டில் ஷ்ரேயா இருந்தாள்.

"ஏழு அமுக்கு ஷ்ரேயா."

அவள் பொத்தான்களைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். ஆறு, அதற்கு மேல் எட்டு.

"இங்க ஏழு கிடையாதே அண்ணா," என்றாள். "நீங்க யாரப் பாக்கணும்?"