சுற்றிக்கொண்டே இருந்த சக்கரம்

"இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த உம்மு ஃபாரிஸ். கையில் குனாஃபா இனிப்புத் தட்டு.

"ஊரே ஒரே ரிசல்ட் வெப்சைட்டைத் தட்டுது பெரியம்மா. அதான் நொண்டுது," என்றான் லைத்.

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வெளியான காலை. அம்மான் நகரமெங்கும் கார்கள் ஹாரன் அடித்துக் கொண்டாடின. லைத் மடிக்கணினித் திரையில் சுற்றும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா ருபா நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள்.

பக்கம் வந்தது. தேர்ச்சி இல்லை.

"போன வருஷமும் இதே கதை," என்றாள் ருபா. "போதும். இனி பரீட்சையே வேண்டாம்."

"இரும்மா! தேதியைப் பாரு. இது போன வருஷப் பக்கம். பிரவுசர் அப்ப சேமிச்சதையே காட்டுது."

சேமிப்பை அழித்தான். பதிவு எண்ணை மறுபடி அடித்தான். சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றது.

"பாஸ்!"

"மப்ரூக்!" என்று வாழ்த்தி உம்மு ஃபாரிஸ் அவன் கன்னத்தைக் கிள்ளினாள். "காலேஜுக்குக் கிளம்புடா, ராசா!"

"நான் காலேஜ் முடிச்சு வேலைக்கே போறேன் பெரியம்மா!" லைத் அம்மாவை அப்படியே தூக்கிச் சுற்றினான். "பரீட்சை எழுதினது இவங்க, காலேஜுக்குக் கிளம்பப்போறதும் இவங்க!"