இரட்டைக் கதவு

டாக்டர் சோல்வெய்க் பனியில் நின்றபடி தன் சொந்தக் கிளினிக்கின் மணியை மறுபடியும் அழுத்தினார்.

"அட்டையைக் காட்டுங்க டாக்டர்," என்றது கதவோரத்து ஒலிபெருக்கி.

"ஆர்லிஸ், என் மூஞ்சி தெரியலையா உனக்கு?"

"மூஞ்சி நல்லாத் தெரியுது. அட்டைதான் தெரியல."

அட்டையை எடுக்க டாக்டர் காருக்குத் திரும்பி நடந்தார். கருக்கலைப்பை எதிர்த்துப் பலகை பிடித்து நடைபாதையில் நின்ற கிழவர் லெஸ்டர், "கொலைகாரி!" என்று கத்தினார். பிறகு, "பாத்து டாக்டர், அந்த இடத்துல வழுக்கும்," என்று கை கொடுத்தார்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து இந்தச் சிற்றூரில், பின்னால் வருபவருக்குக் கதவைப் பிடித்துக்கொள்ளாதவன் மனிதனே இல்லை. உள்ளே போகாதே என்று தான் கெஞ்சிய பெண்களுக்கெல்லாம் லெஸ்டரே கதவைத் திறந்து பிடித்திருக்கிறார்.

போன இலையுதிர் காலத்தில் ஒருவன் அப்படித்தான் உள்ளே வந்தான். வரவேற்பு மேசைக்காரி ஆர்லிஸ்தான் அவனுக்குக் கதவைப் பிடித்தாள். அவன் நன்றி சொன்னான். பிறகு மேசையில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினான்.

ஆர்லிஸின் புருவம் இன்னும் சரியாக முளைக்கவில்லை.

மாநில அரசு மானியம் கொடுத்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இரும்புக் கதவுகள், குண்டு துளைக்காத கண்ணாடி, கேமரா.

ஒரு நிபந்தனை. இந்த வாரம் அரசு ஆள் ஒருவர் சொல்லாமல் வந்து, அடையாள அட்டை காட்டாமல் உள்ளே நுழையப் பார்ப்பார். நுழைந்துவிட்டால் மானியம் ரத்து. கதவு போட்டவன் கதவைக் கழற்றிக்கொண்டு போவான்.

அட்டை காட்டிய நோயாளிகளைத் தவிர ஆர்லிஸ் யாரையும் விடவில்லை.

தபால்காரரை விடவில்லை. சாப்பாடு கொண்டுவந்த தன் கணவரையும் விடவில்லை. அவர் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சேர்த்துச் சுட்ட பதார்த்தம் நிறைந்த பாத்திரத்தைப் பனியில் இறக்கி வைத்தார்.

"ராத்திரி வீட்டுக் கதவ யார் திறக்கிறாங்கன்னு பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாத்திரத்தை நாய் நெருங்காமல் லெஸ்டர் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் அந்தப் பெண் வந்தாள். இளவயது. மெல்லிய கோட்டு. கையுறை இல்லை.

"அட்டை?"

"பர்ஸ வீட்லயே விட்டுட்டேன் மேடம்."

"முன்பதிவு?"

இல்லையென்று தலையாட்டினாள். அழத் தொடங்கினாள்.

அரசு ஆள் இவள்தான் என்று ஆர்லிஸுக்குப் பட்டது. கண்ணீர் இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் வராது. பொத்தான் பக்கம் போன கைகளைத் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பெண் போகவில்லை.

லெஸ்டர் அவளை நோக்கி வந்தார். கத்தப்போகிறார் என்று ஆர்லிஸ் நினைத்தாள். அவர் பலகையைச் சுவரில் சாய்த்தார். தன் கையுறைகளைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பிறகு கேமராவுக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"ஏம்மா ஆர்லிஸ், ஈவு இரக்கம் இல்லையா உனக்கு? பொண்ணு வெறச்சுப் போகுது. தொறந்து விடும்மா!"

"இத நீங்களா சொல்றீங்க?"

"உள்ள போகாதம்மான்னு அவகிட்டச் சொல்றது என் வேலை. அதுக்காக நீ மூஞ்சில கதவ சாத்துவியா?"

ஆர்லிஸ் பொத்தானை அழுத்தினாள்.

முதல் கதவை லெஸ்டர் பிடித்துக்கொண்டார். இரண்டாவதை ஆர்லிஸே எழுந்துபோய்ப் பிடித்தாள்.

உள்ளே வந்த பெண், அரசு முத்திரை போட்ட அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நீங்க தொறந்திருக்கக் கூடாது மேடம்."

"தெரியும்மா."

ஆர்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். இனி டாக்டரிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள்.

பெண் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கிளம்பவும் இல்லை. அவளுடைய கண்ணீர் இன்னும் நிற்கவில்லை.

"அதான் சோதனை முடிஞ்சுதே. இன்னும் எதுக்கு அழற?"

கதவுகள் இரண்டும் சாத்தியிருக்கின்றனவா என்று பெண் திரும்பிப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை டாக்டருக்கு நேரம் இருக்குமா?"

"மறுசோதனைக்கா?"

"இல்ல. எனக்கு."